‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தாமதமாகக் கேட்பவர்களுக்கு: எந்தப் பதிப்பு, எதைக் கவனிப்பது, மலை ஈரத்தில் தட்டை எப்படிக் காப்பது

குன்னூர்_பனி

அமெரிக்க பாப் குழுவான பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) பற்றி ஒரு சந்தேகம். அந்தக் குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் 2025 ஜூனில் மறைந்தபோது எல்லாரும் இந்த ஆல்பத்தைத்தான் சொன்னார்கள். முதல்முறை கேட்கும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக எதுவும் தட்டுப்படவில்லை, எல்லாமே எங்கோ கேட்ட மாதிரி. இதில் உண்மையில் எதைக் கேட்க வேண்டும்?

கூடவே இன்னொன்று. பழைய அமெரிக்க இசைத்தட்டு, உறை முழுக்கப் பூசணம், தட்டிலும் வெள்ளைப் புள்ளிகள். ஊசி ஆடியோ டெக்னிகா விஎம்95இ. சுத்தம் செய்யாமல் ஓட்டலாமா?

ஊசிமுனை

ஓட்டாதீங்க. பூசணத்தோடு ஓட்டினால் ஊசி அதை உழுது காடியின் (இசை பதிந்திருக்கும் பள்ளம்) அடியில் அப்பிவிடும். பிறகு கழுவினாலும் முழுசாகப் போகாது.

முதலில் உறையின் பின்பக்கம் எண்ணைப் பாருங்க. டி 2458 என்றால் மோனோ (ஒற்றை ஒலி), அதுதான் பிரையன் வில்சன் தன் கையால் முடித்த ஒலிக் கலவை (மிக்ஸ்). டிடி 2458 என்றால் ‘டியோஃபோனிக்’. மோனோவை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கீழ் ஒலிகளைத் தூக்கி, இன்னொரு பக்கம் மேல் ஒலிகளைத் தூக்கி, நடுவில் ஒரு சின்னத் தாமதம் வைத்துச் செய்த போலி ஸ்டீரியோ. குகைக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். ‘எதுவும் தட்டுப்படவில்லை’ என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

குன்னூர்_பனி

டிடி 2458தான் சார்.

ஊசிமுனை

அப்போ பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. ஆனால் தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆம்ப்பில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்க. அசல் மோனோவுக்கு ஈடாகாது (அந்தத் தாமதம் கொஞ்சம் தேய்ந்த ஒலியைத் தரும்), என்றாலும் தலைவலி குறையும். ஒழுங்காகக் கேட்க ஸ்ட்ரீமிங்கில் பெயரோடு ‘மோனோ’ என்று போட்ட பதிப்பைத் தேடுங்க. செட்டிங்கில் இருக்கும் ‘மோனோ ஆடியோ’வைத் தட்டினால் பழைய மோனோ கலவை வந்துவிடாது. அது ஸ்டீரியோவை ஒன்றாகக் கூட்டுவது மட்டும்தான்.

கீழ்சுதி

எங்கோ கேட்ட மாதிரி இருப்பது உங்க காதோட குறை இல்லை. இதோட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நமக்கு முதலில் வந்துவிட்டார்கள், பாட்டன் இப்போதான் வருகிறார். அதனால் மெட்டைக் கேட்காதீங்க. முதல் இரண்டு ஓட்டத்துக்கு பேஸை (எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கீழ் ஒலி வாத்தியம்) மட்டும் பிடிங்க.

‘காட் ஒன்லி நோஸ்’ எடுத்துக்குங்க. பல்லவி மாதிரி திரும்பி வரும் வரியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஏ, ஈ, எஃப் ஷார்ப் மைனர் 7, மறுபடி ஈ. சாதாரணப் பாடகர் குழு என்றால் பேஸ் ஏ, ஈ, எஃப் ஷார்ப், ஈ என்று தாவும். இங்கே முதல் ஈ கார்டுக்கு அடியில் ஈ இல்லை, ஜி ஷார்ப் இருக்கிறது. அதனால் பேஸ் படிப்படியாக இறங்குகிறது. கிட்டார் இருந்தால் ஆறாம் தந்தியில் 5, 4, 2, 0 என்று மட்டும் அடித்துக்கொண்டு கூடவே பாடிப் பாருங்க. பிறகு அதே இடத்தில் 5, 0, 2, 0 என்று அடிங்க. பாட்டு உடனே சாதாரணமாகிவிடும். இந்த ஒரு பரிசோதனை பத்துக் கட்டுரைக்குச் சமம்.

நம்ம காதுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. தம்புரா கேட்டு வளர்ந்த காது முதலில் ‘ச’ எங்கே என்று தேடும். இந்தப் பாட்டு அதை ஒளித்து வைக்கிறது. முதல் அடி டி கார்டில் தொடங்குகிறது, ஆனால் அடியில் ஒலிப்பது ஏ. பாட்டு ஈ மேஜரா, ஏ மேஜரா என்று கடைசி வரை உறுதியாகச் சொல்ல முடியாது. மூணு நிமிஷத்துக்குள் முடியும் பாட்டில் கால் ஊன்ற இடமே தராமல் ஒரு காதல் பாட்டு. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு என்று இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் பேஸ் வாசிப்பவர் என்பதை மறக்கக் கூடாது.

வட்டக்கானல்

கீழ்சுதி அண்ணே சொன்னதோடு ஒன்று. பெரும்பாலான பாட்டுகளில் பேஸ் ஒருத்தர் வாசிப்பது இல்லை. நின்று வாசிக்கும் பெரிய மரப் பேஸும் எலெக்ட்ரிக் பேஸும் சேர்ந்து போகும். எலெக்ட்ரிக்கில் பல பாட்டுகளில் கரோல் கே, மரப் பேஸில் லைல் ரிட்ஸ். கரோல் கே விரலால் அல்ல, பிக்கால் அடிப்பவர். தட்டைச்சுற்றுத் தந்தி, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஃபெல்ட். அதனால் ‘டொக்’ என்ற தொடக்கம் பிக்கிலிருந்தும் அடி அதிர்வு மரத்திலிருந்தும் வந்து இரண்டும் ஒரே வாத்தியமாகக் காதில் விழும்.

ஆல்பம் முழுக்க இதே தந்திரம்தான். இரண்டு வாத்தியம் ஒரே வரியை வாசித்தால் மூணாவதாக, பேரில்லாத ஒரு வாத்தியம் பிறக்கிறது. ‘வுடன்ட் இட் பி நைஸ்’ பாட்டில் ஓயாமல் குலுங்கும் அந்தத் தாளக்கட்டு கிட்டார் இல்லை, இரண்டு அக்கார்டியன். எம்.எஸ்.வி. குழுவில் மங்களமூர்த்தியின் அக்கார்டியனைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அக்கார்டியன் என்றால் இடையிசையில் தனியாகத் தெரியும் குரல். இங்கே அது சுவருக்குள் வைத்த கல். அதே பாட்டின் முன்னிசை ஆறு கட்டையில் தொடங்கும், ஒரு டிரம் அடி, பாட்டு நாலு கட்டையில் வந்து விழும். எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் படி சறுக்கும்.

ரப்பர்சோல்_ரசிகன்

எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்க. இந்த ஆல்பத்துக்குத் தூண்டுதலே பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ என்று பிரையன் வில்சனே சொன்னவர். வரிகளில் பாதி பதினேழு வயசுப் பையன் டைரி. ‘ஸ்லூப் ஜான் பி’ பஹாமாஸ் நாட்டுப்பாட்டு, அதன் இசைத்தடம் 1965 ஜூலையிலேயே பதிவானது. மற்றவற்றோடு ஒட்டாமல் நடுவில் நிற்கிறது. வந்தபோது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடத்தோடு நின்றது. பிறகு எழுதியவர்கள் ஏற்றிவிட்ட புகழ் இது.

கீழ்சுதி

‘ஸ்லூப் ஜான் பி’ ஒட்டவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வரிகள் பற்றியும் சண்டை இல்லை. வரிகளை எழுதிய டோனி ஆஷர் விளம்பரத்துறையிலிருந்து வந்தவர், வேண்டுமென்றே எளிதாக எழுதினார்.

ஆனால் ‘பிறகு ஏற்றிய புகழ்’ சரியில்லை. அமெரிக்காவில் பத்து, பிரிட்டனில் அதே வருஷம் இரண்டாம் இடம். 1966 மே மாதமே பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன் லண்டனுக்குக் கொண்டுபோய் லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் போட்டுக் காட்டினார். 1967-இல் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்தது. இது இல்லாமல் அது இல்லை என்று சொன்னவர் பத்திரிகைக்காரர் இல்லை, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். நீங்க சொன்ன ‘ரப்பர் சோல்’ தூண்டுதலும் உண்மை. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. அதில் யாருக்கும் இழுக்கு இல்லையே.

பழைய_ஸ்பூல்

பதிவு முறையைச் சொல்லாமல் தாக்கத்தைப் பேசினால் பாதிதான் பேசிய மாதிரி.

1964 கடைசியில் வில்சன் மேடைக் கச்சேரிகளை விட்டுவிட்டார். 1966 ஜனவரியில் குழு ஜப்பானில் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வைத்துத் தடங்களைப் பதிவு செய்தார். பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில், ஒரே நேரத்தில். அப்படி நாடாவில் பக்கம்பக்கமாகப் பதிவான மூணு அல்லது நாலு தடங்களையும் ஒன்றாகக் கலந்து, கொலம்பியா ஸ்டுடியோவின் எட்டுத் தட நாடாவில் ஒரே தடத்தில் இறக்கினார். மிச்சத் தடங்கள் குரல்களுக்கு. குரல் அடுக்குகள் அவ்வளவு தடிமனாக இருப்பதற்கு இதுதான் காரணம். விலை என்ன? கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. டிரம் குறைவு என்று பிறகு தோன்றினால் வாத்தியக்காரர்களை மறுபடி கூப்பிட வேண்டியதுதான். அதனால் கலவையை முன்கூட்டியே தலைக்குள் முடித்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும்.

மெட்ராஸில் அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே ஒரே டேக்கில் முடிப்பார்கள். தப்பினால் முதலிலிருந்து. அங்கே இசையமைப்பாளரின் வேலை ஒத்திகையில் முடிந்தது. இங்கே நாடாவின் மேல் தொடர்ந்தது. ஸ்டுடியோவே வாத்தியம் என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று இது.

1997-இல் வந்த ‘பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ பெட்டியில் முதல் உண்மையான ஸ்டீரியோ கலவை இருக்கிறது. மார்க் லினெட் செய்தது. முதல் தலைமுறை வாத்தியத் தடங்களையும் எட்டுத் தடக் குரல்களையும் ஒத்திசைத்துச் சேர்த்தார். அதே பெட்டியில் குரல் இல்லாத இசைத்தடங்களும், இசை இல்லாத குரல்களும் தனித்தனியாக உண்டு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஒரு எச்சரிக்கை: சில குரல்கள் 1966-இல் மோனோ கலவை செய்யும்போதே நேரடியாகப் பாடிச் சேர்த்தவை, பல தட நாடாவில் இல்லை. அதனால் ‘வுடன்ட் இட் பி நைஸ்’ நடுப்பகுதியில் மோனோவில் குழுவின் இன்னொரு பாடகர் மைக் லவ் பாடுவார், அந்த முதல் ஸ்டீரியோவில் பிரையன் குரல் வரும். தட்டு பழுதோ என்று பயப்பட வேண்டாம்.

வட்டக்கானல்

முதல் ஓட்டத்துக்கு மோனோதான். கட்சி மாற மாட்டேன். வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது, அவர் கேட்டதே ஒற்றை ஒலியாகத்தான். மேலே சொன்ன ‘மூணாவது வாத்தியம்’ ஸ்டீரியோவில் பிரிந்து இரண்டாகிவிடும்.

பழைய_ஸ்பூல்

ரசிக்க மோனோ, படிக்க ஸ்டீரியோ. இதற்கு மேல் என்னோடு சண்டை வேண்டாம் தம்பி.

கோத்தகிரி_33

சரி, பூசணத்துக்கு வருவோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவம்தான் ஆபத்து. கூடலூர், நடுவட்டம் என்றால் ஆடி. கொடைக்கானலில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் நாளெல்லாம் ஆபத்துதான். ஈரப்பதம் 65–70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் உறையின் காகிதத்தில் முதலில் பூக்கும், அங்கிருந்து தட்டுக்கு வரும். வினைல் அதற்குத் தீனி இல்லை. காகிதமும் கைரேகை எண்ணெயும் தூசியும்தான் தீனி.

முகமூடி போட்டுக்கொண்டு வெளியே, நிழலில், மென்மயிர்த் தூரிகையால் காடியின் போக்கிலேயே உலர்வாகத் துடையுங்கள். ஈரம் பட்ட பிறகு துடைத்தால் விதைகள் பரவும். பிறகு கரைசல்: காய்ச்சி வடித்த நீர் 750 மில்லி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 250 மில்லி, இருட்டறையில் ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் எட்டுப் பத்துச் சொட்டு. (‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த ஊட்டியில் இந்தச் சாமானை இப்போது ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கிறது.) கூடினால் நுரை காடியில் தங்கும், சொட்டு எண்ணிக்கையில் தாராளம் வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நடு லேபிளிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி, வட்டமாக ஆறேழு சுற்று. ஒரு நிமிஷம் ஊறவிட்டு வேறு துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்: வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை அலச வேண்டும். அலசாவிட்டால் கரைந்த அழுக்கு காடியிலேயே காய்ந்து, முதல் ஓட்டத்தில் ஊசி நுனியில் வெள்ளைப் பசையாகச் சேரும். பக்கத்தின் கடைசிப் பாட்டு மங்கும். பாத்திர ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். சமவெளியில் அரை மணியில் காயும், மழைக்கால ஊட்டியில் மூணு நாலு மணி நேரம் விடுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலித்தீன் உள்பூச்சு உள்ள புதியது. அட்டை உறையை நனைக்கக் கூடாது, ஆல்கஹாலில் ஈரமாக்கிய துணியால் மேலாக ஒரு துடைப்பு போதும்.

இந்தக் கரைசலை 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் போட்டுவிடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும்.

லவ்டேல்_காற்று

தைலம் தொட்டுத் துடைத்தால் பூசணம் திரும்ப வராதுன்னு சொல்றாங்களே?

கோத்தகிரி_33

நீலகிரித் தைலம் மூக்குக்கும் முட்டிக்கும். தட்டுக்கு வேண்டாம்ங்க. காடியில் எண்ணெய் தங்கும், அதில் தூசி ஒட்டும், சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கும். அந்துருண்டையும் பயனில்லை, அது பூச்சிக்கு வைப்பது.

அலமாரிக்கு வழி: வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் மூணு அங்குலம் தள்ளி வையுங்கள். தட்டுகளை நிறுத்தி வையுங்கள், அடுக்காதீர்கள். அலமாரியின் அடித்தட்டில் 15 வாட் பழைய குண்டு பல்பு, தட்டுகளிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. எல்இடி போட்டுவிட்டு ‘பல்பு எரியுதே, ஏன் பூசணம்?’ என்று கேட்பவர்கள் நிறைய. நமக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. பல்பு கிடைக்காவிட்டால் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். கணப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்து உலர்த்த வேண்டாம். தட்டு நெளிந்தால் நெளிந்ததுதான்.

மார்கழி, தை உறைபனிக் காலத்தில் காற்று வறண்டு நிலைமின் படபடப்பு வரும். அது அழுக்கு இல்லை. அதற்காகத் திரும்பக் கழுவாதீர்கள்.

ஊசிமுனை

விஎம்95இ-க்கு 2 கிராம் பாரம் சரி. 1.8-க்குக் கீழே போனால் உரத்த இடங்களில் ஊசி துள்ளிக் காடியைக் கெடுக்கும்.

மோனோ பொத்தான் இல்லாத ஆம்ப் என்றால் இரண்டு ஒய் கேபிள் வாங்கி முதுகோடு முதுகாகச் சேர்த்து, டர்ன்டேபிளுக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்கும் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) நடுவில் போடுங்க. மோனோ காடியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவெல்லாம் தூசியும் தேய்மானமும். இரண்டு சேனலையும் கூட்டினால் அது தன்னாலே கழிந்துவிடும், படபடப்பு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். டர்ன்டேபிளிலேயே ப்ரீஆம்ப் இருந்தால் முதலில் அதை ‘ஃபோனோ’ பக்கம் தள்ளி அணைத்துவிடுங்க. இல்லாவிட்டால் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும்.

கூட்டியதும் குரல் காணாமல் போய்ப் படபடப்பு மட்டும் கேட்கிறதா? கார்ட்ரிட்ஜின் பின்னால் ஒரு சேனலின் வயர்கள் தலைகீழ். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ்.

லவ்டேல்_காற்று

அமெரிக்காவிலிருந்து வந்த டர்ன்டேபிள். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாச்சு. பாட்டெல்லாம் இழுக்குது. கரண்ட் கம்மியா?

ஊசிமுனை

வோல்டேஜ் இல்லைங்க, ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும். அங்கே 60, இங்கே 50. ஏசி மோட்டார் என்றால் 33⅓ சுற்றுக்குப் பதில் நிமிஷத்துக்கு 27.8 சுற்றும், பாட்டு ஒன்றரைக் கட்டைக்கும் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி மாற்றினால் சரியாகும். டிசி மோட்டார் உள்ளதுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரப்பர்சோல்_ரசிகன்

தமிழுக்கு என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லையே. இளையராஜாவின் பேஸ் வரிகள் இதிலிருந்து வந்தவை என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொன்னார்கள்.

கீழ்சுதி

அப்படிச் சங்கிலி கட்ட ஆதாரம் வேண்டும், அது இல்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் அவர். பேஸ் தனி மெட்டாக நடப்பதும், கார்டின் மூல ஸ்வரத்தை விட்டு வேறொன்றில் நிற்பதும் மேற்கத்திய செவ்வியல் மேதை பாக் காலத்திலிருந்தே உள்ள பாடம். வில்சனும் இளையராஜாவும் ஒரே கிணற்றில் வெவ்வேறு வாளியால் இறைத்தவர்கள் என்றால் ஒத்துக்கொள்வேன். பண்ணைப்புரத்துக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நேர்க்கோடு போடுவது வீடியோக்காரர் வேலை.

ஆனால் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1976-க்குப் பிந்தைய தமிழ்ப் பாட்டில் பேஸைப் பின்தொடரப் பழகிய காதுக்கு இந்த ஆல்பம் சீக்கிரம் திறக்கும். அமெரிக்கக் கேட்பாளருக்கு 1966-இல் அந்தப் பழக்கம் இருந்திருக்காது.

வட்டக்கானல்

நேரடித் தாக்கம் வேண்டுமென்றால் அதே வருஷம் அக்டோபரில் வந்த ‘குட் வைப்ரேஷன்ஸ்’ கேளுங்க. இந்த ஆல்பத்தின் ‘ஐ ஜஸ்ட் வாஸன்ட் மேட் ஃபார் தீஸ் டைம்ஸ்’ பாட்டில் விசில் மாதிரி நெளியும் ஒலி, பால் டானர் வாசித்த எலெக்ட்ரோ தெரமின் என்ற மின்னணு வாத்தியம். சோதனை இங்கே, வெற்றி அங்கே.

ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு இடம்: ‘ஹியர் டுடே’ நடு இசையில் பின்னணியில் யாரோ பேசுவது பதிவாகியிருக்கிறது. கலவையில் துடைக்காமல் விட்டுவிட்டார்கள். அது கேட்டால் உங்கள் செட் தேறிவிட்டது.

குன்னூர்_பனி

கழுவி, இரண்டு சேனலையும் கூட்டி, மோனோவில் ஓட்டியாச்சு. பேச்சு கேட்கிறது. 5, 4, 2, 0 புரிந்தது. கடைசிப் பாட்டு ‘கரோலைன், நோ’ கூட வாசிக்கப் பார்த்தால் அதன் குரல் மட்டும் ஏன் அவ்வளவு சின்னப் பையன் மாதிரி?

பழைய_ஸ்பூல்

தட்டில் கோளாறு இல்லை. பதிவான பிறகு நாடாவையே அரைக்கட்டை வேகமாக ஓட்டினார்கள். வில்சனின் அப்பா சொன்ன யோசனை. பதிவான சுருதியில் கேட்க வேண்டுமானால், வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள டர்ன்டேபிளில் மைனஸ் 6 சதவீதம் வையுங்கள். முன்னிசையில் ‘டொம்’ என்று விழுவது டிரம் இல்லை, டிரம்காரர் ஹால் பிளெய்ன் கவிழ்த்துத் தட்டிய காலித் தண்ணீர் ஜாடி. வேகம் குறைத்தால் அது ஜாடி என்பது தெளிவாகத் தெரியும்.

முடிவில் ரயில் ஒன்று போகும், இரண்டு நாய் குரைக்கும். வில்சன் வீட்டு நாய்கள்தான், பனானா, லூயி. எஸ்டேட் பக்கம் வீடு என்றால் அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துக்குங்க, வெளியே இருக்கிறதுகள் பதில் சொல்ல ஆரம்பித்தால் விடியும் வரை நிற்காது.